நடந்ததற்காக ஒரு சேவல்

உபதேசியார் பாதி வாக்கியத்தில் நின்றுபோனதுதான் எனக்கு முதலில் நினைவு வரும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மேல்துண்டில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு என் கால்களைப் பார்த்தார். வேதக்கோயிலில் பெண்கள் பக்கத்துப் பாயில், அம்மாவை ஒட்டி நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில், கால் இரண்டையும் கயிற்றால் கட்டிய ஒரு சேவல் கிடந்தது. செக்கச்சிவந்த கொண்டை, கண்ணில் அத்தனை திமிர். சபை முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. சேவலைப் பார்த்தார்களா என்னைப் பார்த்தார்களா என்று சொல்ல முடியாது. எங்கள் இரண்டு பேருக்குமே கால் உதவாத நேரம் அது.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன்பு ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிப்பார்கள். வாசிப்பது என்று பேர்தான், கையில் காகிதம் எதுவும் இருக்காது. கோயிலுக்குள் நுழையும்போதே ஒவ்வொருவரும் உபதேசியார் காதில் சொல்லிவைப்பார்கள். அவர் ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்வார். காய்ச்சல் குணமானதற்காக ஒரு பூசணிக்காய். மகள் சுகமாகப் பிள்ளை பெற்றதற்காக ஒரு கூடை முட்டை. கடலில் தொலைந்த வலை திரும்பக் கிடைத்ததற்காக ஒரு கட்டுக் கருவாடு. எல்லாம் நடந்து முடிந்த காரியங்கள். இனிமேல் நடக்க வேண்டியதற்கு வேறு இடம், வேறு சொல். அதை விண்ணப்பத்தில் ‘குணமாகும்படி’, ‘கிடைக்கும்படி’ என்று சொல்ல வேண்டும். ‘படி’ போட்டால் கேட்கிறோம், ‘அதற்காக’ போட்டால் வாங்கிவிட்டோம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழவிகள்கூட இதில் தவறமாட்டார்கள். அம்மாவுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான், ‘மகள் நடந்து பள்ளிக்கூடம் போனதற்காக ஒரு சேவல்’ என்று வாசலில் வைத்து அவர் காதில் போட்டிருந்தாள். அவரும் கூட்ட நெரிசலில் தலையாட்டிவிட்டார். சொல்ல வாயெடுத்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

நான் நடந்ததே கிடையாது. நினைவு தெளியாத வயதில் வந்த ஒரு காய்ச்சல் என் கால்கள் இரண்டையும் துவளவைத்துவிட்டுப் போனது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அய்யா, அதாவது என் அப்பா, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மூட்டை சுமந்துகொண்டிருந்தார். அப்போது அங்கே ரயிலும் வரும், கப்பலும் வரும். எத்தனையோ பேர் பாரத்தைத் தூக்கிய மனுஷர், வீட்டுக்கு வந்தால் என்னைத் தூக்கும்போது மட்டும் தளர்ந்துபோவார். விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும், “கர்த்தரோட சித்தம், பொறுத்துக்கிற வேண்டியதுதேன்” என்றார்கள். அம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. “சித்தமா? என்கிட்ட அவரு ஒரு வார்த்தை சொல்லலையே. ஒங்ககிட்ட மட்டும் வந்து சொன்னாராக்கும்?” என்று முகத்துக்கு நேராகக் கேட்பாள். வந்தவர்கள் காப்பி குடிக்காமலே கிளம்பிவிடுவார்கள்.

அம்மா பிறந்தது அபிராமத்துப் பக்கம், விவசாயக் குடும்பத்தில். கல்யாணத்துக்கு முன்புதான் ஞானஸ்நானம் வாங்கினாள். எங்கள் கடற்கரைக்காரர்கள் ஆண்டவரிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக் கையைக் கட்டிக்கொள்வார்கள். அம்மா தன் ஊரில் குலசாமியிடம் எப்படி உரிமையோடு மல்லுக்கு நிற்பார்களோ அப்படியே இவரிடமும் நின்றாள். மணலில் கருவாடு உலர்த்துகிறபோது, “என்ன ஆண்டவரே, காது கேக்குதா இல்லையா? ஒமக்கு முடியாததுன்னு ஒண்ணு உண்டா? இருந்தா இப்பவே சொல்லிரும், நான் வேற ஆளப் பாக்குறேன்” என்பாள். வேறு ஆளைப் பார்க்க மாட்டாள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அந்தச் சேவலுக்கு ஒரு கதை உண்டு. அதை அபிராமத்திலிருந்து கொண்டுவந்தவர் என் தாய்மாமன். தன் குலசாமிக்கு எனக்காக நேர்ந்து விட்டிருந்தார். என் கை அதன் மேல் பட வேண்டும் என்று பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். “பிள்ளைக்காக நேந்ததுதானே அண்ணே? அப்ப இங்கனயே கிடக்கட்டும்” என்று கூடையைப் போட்டுக் கவிழ்த்துவிட்டாள். மாமா பதறிப்போனார். “ஏத்தா, நேந்த சேவலு! எங்க சாமி என்னயப் போட்டுத் தாக்கிரும்!” என்றார். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்துவிட்டார். “சரித்தா. நான் வேற சேவலு பாத்துக் குடுத்துக்கிறேன். ஒஞ் சாமியோட நீயே கட்டிப் புரளு” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி அங்கே வேறு சேவல் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் மேல் இருந்த பிரியத்தில் அவர் இரண்டு பக்கமும் சொல்லிவைத்தார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அத்தனைக்கும் காரணம் பள்ளிக்கூடம். என் வயதுப் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார்கள். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரிய வாத்தியாரிடம் போனாள். அவர், “நீ பாட்டுக்குக் கொண்டாந்து போட்டுட்டுப் போயிருவ. ஆத்திர அவசரத்துக்கு யாரு தூக்குறது? நடந்து வரட்டும், சேத்துக்கிறேன்” என்றார். நியாயம் மாதிரியே இருக்கும். ஊரில் உள்ள அநியாயம் முக்கால்வாசி இந்தக் குரலில்தான் பேசும். அவரும் எங்கள் சபைக்காரர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சில், கஞ்சி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லிவைத்ததே.

உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஏம்மா, இது இன்னும் நடக்கலையே. விண்ணப்பத்துல சேத்துக்கிறட்டா?”

அம்மா எழுந்து நின்றாள். ஆராதனை நடுவில் பெண்கள் பேசுகிற வழக்கமே கிடையாது. “விண்ணப்பம் சொல்லிச் சொல்லி எந் தொண்ட வத்திப்போச்சுங்கய்யா. அவரு காதுல விழுந்துருச்சுன்னு நான் நம்புறேன். நம்புனவ நன்றி சொல்ல வேணாமா?”

“நடக்காதத நடந்ததுன்னு வாசிச்சா பொய்யாப் போயிருமே, தாயி.”

“அப்ப பள்ளிக்கூடத்த விட்டுருங்க. மகளையும் விட்டுருங்க. வெறுமன ‘நடந்ததற்காக’ன்னு வாசிங்க. என் வீட்ல நடந்தது ஒண்ணா ரெண்டா? எது நடந்துச்சுன்னு நானும் அவரும் பேசிக்கிறோம்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தம் இருப்பதை அப்போதுதான் பார்த்தவர் மாதிரி நின்றார். அம்மா உட்காரவில்லை. கடைசியில் அவர் மேலே பார்த்துச் சொன்னார்: “நம் சபைச் சகோதரி ஒருவர், நடந்ததற்காக, ஒரு சேவல்.” சேவல் கட்டோடு துள்ளி றெக்கையை அடித்தது. அதன் பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டபோது சேவலை எடுத்தவர் பெரிய வாத்தியார்! மத்தியானம் அவர் வீட்டுப் பக்கமிருந்து குழம்பு வாசனை வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா, “திங்கட்டும். சேவலு நம்ம கட்சி. உள்ள போயி வேலை பாக்கும்” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். “வாசிச்சுட்டேனே, தாயி. இனி அது நடக்காமப் போனா நான்ல பொய்யன்?” என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை போலிருக்கிறது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அய்யா, படகு செய்யும் ஆசாரியிடம் சொல்லி, கக்கத்தில் இடுக்கிக்கொள்ளப் பூவரசங்கட்டை இரண்டு எனக்குச் செய்துகொடுத்திருந்தார். பார்க்க லட்சணமான கட்டைகள். ஆனால் எங்கள் ஊரோ முழுக்க மணல். ஊன்றினால் முழங்கால் ஆழத்துக்குப் புதையும், நான் குப்புற விழுவேன். அதனால் அவை சுவரில் சாத்தியே கிடந்தன. உபதேசியார் என்னை ஊன்றச் சொல்லிப் பார்த்தார். விழுந்தேன். எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள். சிரட்டையின் கண்ணைத் துளைத்துக் கட்டைகளின் அடியில் கவிழ்த்து மாட்டி, மேலே குச்சி செருகிக் கயிற்றால் இறுக்கினார். மறுபடி ஊன்றினேன். கட்டை புதையவில்லை. மணலில் வட்டமாக ஒரு தடம் மட்டும் விழுந்தது.

அவர் கிளம்பிப் போனதும் அம்மா மேலே பார்த்து, “ஆள அனுப்ப இம்புட்டு நாளாச்சாக்கும்” என்றாள். அழுதாள் என்றும் சொல்ல வேண்டும்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்வரை தினமும் சாயங்காலம் உபதேசியார் எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துபோவார், நான் அவரைத் துரத்த வேண்டும். சிரட்டைகள் உடைந்தன, வேறு மாட்டினார். என் கக்கம் புண்ணானது. எனக்கு விசுவாசம் ஒன்றும் இல்லை, கோபம்தான் இருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்து “என்னடி, நடந்துச்சா?” என்று கேலி பண்ணுவார்கள். கட்டையால் ஒரு போடு போடலாம் போலிருக்கும். அம்மாவிடம் சொன்னால், “அந்தக் கோவத்தோடயே நட, போதும்” என்பாள்.

திறப்பு நாளில் அம்மா என்னை இடுப்பில் சுமந்துபோய்ப் பள்ளிக்கூட வேலியோரம் இறக்கிவிட்டாள். வேலியிலிருந்து வாசற்படிவரை வெறும் மணல். பெரிய வாத்தியார் படியில் நின்றார். நான் ஊன்றினேன், இழுத்தேன், ஊன்றினேன். பாதி வழியில் ஒரு சிரட்டை விண்டுபோய் முகம் மணலில் பதிய விழுந்தேன். அவர் பதறி, “சரி சரி, தூக்கிட்டு வாம்மா, சேத்துக்கிறேன்” என்றார்.

“தூக்க மாட்டேன்” என்றாள் அம்மா. “நடந்து வந்தாத்தேன் சேப்பேன்னீகளே. அங்கனயே நில்லுங்க. வருவா.”

அவர் நின்றார். வெயில் நேரே முகத்தில் அடித்தது. மணி அடிக்க வேண்டிய நேரம் தாண்டியும் மணியடிக்காமல் நின்றார். நான் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, சிரட்டை உடைந்த கட்டையையும் ஊன்றிக்கொண்டு போய் அவர் காலடியில் நின்றேன். நின்றேன் என்பதுதான் முக்கியம். அவர் குனிந்து என் முகத்தைத் தன் மேல்துண்டால் துடைத்துவிட்டு, வழியை விட்டு விலகினார்.

என் கால்கள் இன்றுவரை அப்படியேதான் இருக்கின்றன. அப்படியானால் உன் அம்மாவின் ஜெபம் கேட்கப்படவில்லை என்றுதானே அர்த்தம் என்று பக்திமான்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போங்கள் ஐயா. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் என் கால்களைக் கேட்கவில்லை. நடந்ததற்கு நன்றி சொன்னாள். அது நடந்தது. நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், அதே பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை பாடம் சொல்லிக்கொடுத்தேன். நடக்க முடியாத எத்தனையோ பிள்ளைகளை எந்த நிபந்தனையும் இல்லாமல் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது என் தோள்மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. ஆயுசு முழுக்க உடம்பைச் சுமந்த தோள்கள். இனி ஊன்றவே கூடாது, சக்கர நாற்காலிதான் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை ரப்பர் மாட்டிய கட்டைகளைக் கடைசித் தடவையாக ஊன்றி, கழுத்தில் மாட்டிய பையில் ஒரு சேவலோடு கோயிலுக்குப் போனேன். வழவழவென்று டைல்ஸ் போட்ட தரை. மைக்கின் முன்னால் நின்ற இளவயதுப் போதகர் என் காணிக்கை வந்ததும் நிறுத்தினார், கண்ணாடி வழியாக என் கால்களைப் பார்த்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “டீச்சரம்மா, நடந்ததற்காகன்னா… என்ன நடந்ததற்காக?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். தோள் இரண்டும் விண்விண் என்று தெறித்தன.

“நீங்க வாசிங்க, தம்பி” என்றேன்.

அவர் வாசித்து முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.