முழங்கால் உயர ஜன்னல்

அருங்காட்சியகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'தொடாதீங்க' என்பதுதான் பட்டப்பெயர். காவல் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் யாராவது டிவி ரிமோட்டை எடுத்தால்கூட வாய் தானாகத் திறந்துவிடும்.

இந்த முறை ஒரு கட்டடக் கலைஞரின் கண்காட்சி. பூவேலை கூடாது, சிமென்ட் சிமென்டாகவே தெரிய வேண்டும் என்று கடைசிவரை பிடிவாதம் பிடித்தவராம். சுவரெல்லாம் வரைபடம், மேசையெல்லாம் அட்டை வீடு. கடைசிக் கூடத்தில் அவர் கட்டிய வீட்டின் ஓர் அறையை அசல் அளவிலேயே எழுப்பியிருந்தார்கள். வாசலில் பலகை: 'உள்ளே வாருங்கள், தொடுங்கள், உட்காருங்கள்.' அதற்குப் போய் இவரைக் காவல் போட்டார்கள்.

முதல் நாளே ஒரு பெரியவர் சுவரை வருடினார். "தொடாதீங்க!" அவர் புகார் எழுதிவிட்டுத்தான் போனார். மறுநாள் இன்னொன்று.

கண்காட்சிப் பொறுப்பாளரான பெண்மணி கூப்பிட்டார். "என்னண்ணே, சாப்பிடக் கூப்பிட்டுட்டு தட்டைப் பிடுங்கறீங்க? இன்னொரு புகார் வந்தா பார்க்கிங்குக்கு மாத்திடுவேன்."

பார்க்கிங் வெயில் பெரிதில்லை. அந்த அறையின் ஜன்னலை விட்டுப் போவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. முழங்கால் உயரத்தில் இருந்தது அது. மனுஷன் எதற்கு இப்படி வைத்தான்? வழிகாட்டியைக் கேட்டார். "வெளிச்சத்தோட உரையாடல், சார்." மண்டைக் குடைச்சல் கூடியதுதான் மிச்சம். உட்கார்ந்து பார்த்துவிடலாம்தான். ஆனால் காவலர் வாசலைத் தாண்டக் கூடாது என்பது பழைய சட்டம். அதை மீறிப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கொழுந்தியாளும் வந்தார்கள். மனைவி நேரே போய் பெஞ்சில் கை வைத்தாள்.

"அம்மா, தொடாதீங்க!"

மனைவி திரும்பினாள். "யாருக்கு யாரு அம்மா?"

"அக்கா, கல்யாணத்தன்னைக்கும் மாமா இதைத்தான் சொன்னாரா?" என்றாள் கொழுந்தியாள். கூடமே சிரித்தது. சிரிப்புக்குப் பின்னால் பொறுப்பாளர் நின்றிருந்தார்.

"புகார் எங்க எழுதணும், மேடம்?" என்று மனைவி அவரிடமே கேட்டாள். "இந்த மனுஷன் பக்கத்துல வந்து உக்காந்தா எழுத மாட்டேன்."

பொறுப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "போய் உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தார். ஜன்னல் வழியே கூடத்தில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒற்றைக்காலில் நின்று செருப்பை உதறும் ஒருத்தி, அவிழ்ந்த ஷூக் கயிறு ஒன்று. முகம் எதுவும் இல்லை.

"வர்றவங்க மூஞ்சியே தெரியாம எதுக்குங்க இது?" என்றாள் மனைவி.

"கூட்டறப்ப தூசி தெரியட்டும்னுதான்" என்றாள் கொழுந்தியாள். அப்படி எதைப் பார்க்கிறார்கள் என்று உள்ளே வந்த ஒருவர், கண்ணில் வெயில் அடிக்காது என்றார். எதுவும் இவருக்கு ஒப்பவில்லை. வாசலில் தயங்கியவர்களைப் பார்த்துத் தானாகவே கை நீட்டினார்.

"வாங்க, உக்காருங்க. எதுக்குன்னு எனக்கும் புரியல. பாத்துச் சொல்லுங்க."

பெஞ்ச் நிரம்பியது. பொறுப்பாளர் குனிந்து ஜன்னலைப் பார்த்தார், பிறகு இவரை.

"நாளைக்கும் நீங்களே இங்க நில்லுங்க. இப்பக் கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே, நானும் பாக்கணும்."