ஒரு செம்புத் தண்ணீர், மூன்று வேட்பாளர்

தேர்தல் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஜெயித்தவர் ஜெயித்துவிட்டார், தோற்றவர் தோற்றுவிட்டார். இப்போது சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனால் சொல்கிறேன்.

எனக்கு உத்தியோகம் மதுரையில். ஆனால் என் பெயர் இன்னும் சொந்த ஊர் ஓட்டர் லிஸ்ட்டில்தான் இருக்கிறது. தேவிபட்டினத்துக்கு மேற்கே நாலு மைல், மிளகாயும் பருத்தியும் விளைகிற ஊர். பெயரை மாற்றச் சொல்லி எழுத வேண்டும் என்று இரண்டு தேர்தலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்... எழுதவில்லை.

ஒரு வாரம் லீவு கேட்டேன்.

“ஓட்டுப் போட ஒரு வாரமா?” என்றார் ஹெட் கிளார்க்.

“போட ஒரு நாள் சார். முடிவு பண்ண ஆறு நாள்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உண்மையிலேயே எனக்கு எந்தக் கட்சி மேலும் நம்பிக்கை இல்லை. மூன்று வேட்பாளர்களின் நோட்டீஸையும் வரி விடாமல் படித்திருந்தேன். பெயரை மறைத்துக்கொண்டு படித்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. அச்சாபீஸ்கூட ஒன்றே.

ஊரில் இறங்கினால், அக்கா வீட்டு வாசலில் மிளகாய் காய்கிறது. அதைக் கிளறிக்கொண்டு அத்தான் வெள்ளைச்சாமி. என்னைப் பார்த்ததும் சொன்னார்: “வாங்க மாப்ள. ஓட்டுப் போடவா இம்புட்டுத் தூரம்? நான் போடலை. எல்லாப் பயலும் ஒண்ணுதான்.”

“நீங்க போடலைன்னா அவங்க அழுதுருவாங்களாக்கும்” என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

அக்கா பெயர் பஞ்சவர்ணம். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தினமும் விடியலில் ஊர்ப் பெண்கள் இருபது பேர் அவள் பின்னால்தான் போவார்கள். எங்கே? தண்ணீருக்கு. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு மைல் நடந்து பக்கத்து ஊர் ஊருணிக்குப் போக வேண்டும். வைகாசிக்குள் அதுவும் வற்றிவிடும். போன கோடையில் ஒரு கர்ப்பிணிப் பெண் தலைக்குடத்தோடு வழியிலேயே விழுந்துவிட்டாள். பிள்ளை தங்கவில்லை. அன்றிலிருந்து அக்கா இந்தத் தேர்தலுக்காகக் காத்திருந்தாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“ஏலே தம்பி, நீதான் பேப்பர்ல எழுதுறவனாச்சே. யாருக்குப் போடலாம்னு சொல்லு.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தேன். கொள்கை, நிர்வாகம், ஐந்தாண்டுத் திட்டம்... கால் மணி நேரம் பேசியிருப்பேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

“சரி. உனக்கும் தெரியலை” என்றாள்.

பிறகுதான் தன் திட்டத்தைச் சொன்னாள். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஒரு செம்பு கொடுப்பது. அவ்வளவுதான்.

கட்சிப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எடிட்டருக்கு வம்பு. சின்னத்தை வைத்தே சொல்கிறேன்: குடைக்காரர், சைக்கிள்காரர், கப்பல்காரர்.

முதலில் வந்தவர் குடைக்காரர். ராமநாதபுரத்தில் பெரிய வீடு, ஜீப்பில் வந்தார். ஜீப் கிளப்பிய புழுதி முழுக்க எங்கள் மிளகாயில் படிந்தது. இறங்கிக் கும்பிட்டவர் கையில் அக்கா செம்பைக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தார். கண் இரண்டும் உள்ளே போய் வெளியே வந்தன. துப்ப முடியாது, சுற்றி நாற்பது ஓட்டு நிற்கிறது. எப்படியோ விழுங்கிவிட்டார்.

“எப்படிங்கய்யா இருக்கு?”

“நல்லாருக்கு தாயி... இளநி கணக்கா இருக்கு.”

“அப்படிங்களா. அப்ப ஒரு குடம் கொண்டு போங்க. வீட்ல அம்மாவும் குடிக்கட்டும்” என்று சொல்லி, நிரப்பி வைத்திருந்த குடத்தை ஜீப்பில் ஏற்றியேவிட்டாள். குடைக்காரருக்குக் காது மடல்வரை சிவந்துபோயிற்று. பேச வந்த பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் குடத்தை இறக்கச் சொல்லவில்லை.

மறுநாள் சைக்கிள்காரர். வயது முப்பதுகூட இருக்காது. நல்ல குரல். அக்கா செம்பை நீட்டியதும், “பேசுற தொண்டைம்மா. ஊர் ஊருக்குத் தண்ணி மாத்தினா கட்டிக்கும்” என்றார். கூட வந்தவர் கோலி சோடாவை உடைத்துக் கொடுத்தார். கூடையில் இன்னும் ஒரு டஜன் இருந்தது.

சோடா உள்ளே போனதும் பேச்சு வெளியே வந்தது. வைகை எங்கள் ஊருக்கே வரும். வாசலுக்கு வாசல் குழாய். கண்மாயில் வருஷம் பூராவும் தண்ணீர் நிற்கும். மூன்று போகம் நெல். கண் சிமிட்டாமல் சொன்னார். இந்தச் சீமையில் ஒரு போகத்துக்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறோம்... இருந்தாலும் கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. நானே ஒரு இடத்தில் கை தட்டிவிட்டேன்.

மூன்றாவது ஆள் கப்பல்காரர். சுயேச்சை. கடற்கரையோரம் ஒரு சின்ன ஊர்க்காரர். ஜீப் இல்லை, கூட்டம் இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்தார். அக்கா கொடுத்த செம்பை வாங்கினார். அண்ணாந்து முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு செம்பு இருக்குமா தாயி?” என்றார்.

கூட்டம் அசந்துபோயிற்று. அத்தான் மிளகாய் கிளறுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

“கரிக்கலையாங்க?” என்றாள் அக்கா.

“எங்க ஊருத் தண்ணிய நீங்க குடிச்சதில்லை. அதுக்கு இது எவ்வளவோ தேவலை.”

“உங்க ஊருக்கு நீங்க ஒண்ணும் செய்யலையா?”

“ஒம்பது வருஷமா மனு எழுதுறேன். பதிலே வரலை. அதான், நாமளே போயிப் பாப்போம்னு நிக்கிறேன்.”

“ஜெயிச்சா முத நல்ல தண்ணிக் கிணறு எந்த ஊருக்கு?”

கப்பல்காரர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். நாற்பது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ‘உங்க ஊருக்குத்தான்’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அத்தனை ஓட்டும் அவருக்கு.

“பொய் சொல்லக் கூடாது தாயி. முதல்ல எங்க ஊருக்குத்தான். அடுத்தது உங்களுக்கு.”

கூட்டம் மெதுவாகக் கலைந்தது. ‘நல்ல மனுஷன்’ என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். உண்மை பேசுகிற ஆள் ஒருத்தன் வர மாட்டானா என்று வருஷக்கணக்காகப் புலம்புகிறோம். வந்து பேசினால்? நமக்குச் சாதகமான உண்மையாக இருந்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறோம்.

நான் ஆறு நாளும் யோசித்தேன். ஓட்டு நாள் விடிந்தபோதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் மட்டும் யோசிக்கவில்லை. போடப் போவதில்லை என்று கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தார். அக்கா தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: “நீங்க போகலைன்னா, உங்க பேரைச் சொல்லி வேற எவனாச்சும் போட்டுருவானாம்.”

“என் பேரைச் சொல்லியா? எங்கய்யா பேரையும் சேத்துச் சொல்லுவானா?”

“ஆமா. லிஸ்ட்ல ரெண்டும் இருக்குல்ல.”

ஐந்து நிமிஷத்தில் அத்தான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது அக்காவிடம் கேட்டேன்: “முடிவு பண்ணிட்டியா?”

“குடைக்கு.”

நின்றுவிட்டேன். “அந்தப் பொய் சொன்ன ஆளுக்கா?”

“மூணு பேரையும் நான் நம்பலை தம்பி. கடைசியா வந்தவரு நல்லவருதான். ஆனா அவரு ஒம்பது வருஷமா எழுதி ஒரு பதிலு வாங்க முடியலை. சைக்கிளு என்ன சொல்லுதுன்னு அதுக்கே தெரியாது. குடைக்காரரு பொய் சொன்னாரு, சரி... சொல்லையில காது சிவந்துச்சு, பாத்தியா? வெக்கம் இருக்கு. வெக்கம் இருக்கிற ஆளுகிட்ட போயி நின்னு வேலை வாங்கலாம்.”

நான் படித்த மூன்று நோட்டீஸிலும் இந்தத் தகுதியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

போன தேர்தல் மாதிரியே இந்தத் தடவையும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. விரலில் மை வைத்து, கையில் சீட்டைக் கொடுத்து, தட்டி மறைப்புக்குள் அனுப்புவார்கள். உள்ளே சின்னம் ஒட்டிய பெட்டிகள். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். எனக்கு முன்னால் அத்தான் போனார். போனவர் வரவே இல்லை. ஆபீசர் இரண்டு தடவை இருமினார். ஒருவழியாக அத்தான் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

நான் உள்ளே போனேன். மூன்று பெட்டி வரிசையாக இருந்தது. யாரோ மூன்றுக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். நடுப்பெட்டியின் மேல் ஒரு சீட்டு, மடித்தது மடித்தபடி.

அத்தான் ஓட்டு. யாருக்கும் போட மனசு வராமல் மேலேயே வைத்துவிட்டார்.

என் கையில் ஒரு சீட்டு. எதிரே இன்னொன்று. பார்க்க ஆளில்லை. கப்பலுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று... ஆறு நாள் குழப்பம் ஒரே நொடியில் தீர்ந்துவிடும். உங்களிடம் சொல்வதற்கென்ன? கை அதன் மேல் போய்விட்டது. கையை எடுக்கத்தான் நேரமாயிற்று. தட்டிக்கு வெளியே தலையை நீட்டி, “சார், இங்கே ஒரு சீட்டு கிடக்கு” என்றேன். ஆபீசர் வந்து அதை எடுத்து, செல்லாதது என்று எழுதி ஒரு கவரில் போட்டார்.

என் சீட்டைக் கப்பலில் போட்டேன். அந்த மனிதர் பொய் சொல்லாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக.

வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் கேட்டேன். “மேல வச்சேன். எவனுக்கு வேணுமோ எடுத்துக்கிறட்டும்னு விட்டுட்டேன்” என்றார். கவரில் போன விஷயத்தை நான் சொல்லவில்லை. மனிதர் அன்று ரொம்ப நிம்மதியாகச் சாப்பிட்டார்.

குடைக்காரர் ஜெயித்தார். கப்பல் முழுகிவிட்டது.

சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனேன். நான் போன அன்றைக்கே கப்பல்காரர் அக்காவைத் தேடி வந்தார். மெலிந்திருந்தார். கையில் ஒரு மனு.

“தாயி, நீங்க ஜெயிக்கிற பக்கம் போட்டதாச் சொன்னாங்க. எனக்கு வருத்தமில்லை. எங்க ஊருக்கும் ஒரு வார்த்தை சொல்லுவீகளா?”

“நான் என்னத்துக்குச் சொல்லணும்? நீங்களும் வாங்க, போவோம். தம்பி, நீயும் வா.”

பஸ் ஏறி ராமநாதபுரம் போனோம். புது எம்.எல்.ஏ. வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்து எழுந்து வந்தார். அக்காவைப் பார்த்ததும் சிரிப்புப் பாதியில் நின்றது. கூட இருந்தவரைப் பார்த்ததும் மீதியும் போய்விட்டது.

“இவரு எனக்கு எதிரா நின்னவராச்சே?”

“ஆமாங்கய்யா. எதிர்த்து நின்னவருக்கும் தண்ணி தவிக்குதுங்க” என்றாள் அக்கா.

எம்.எல்.ஏ. எங்களை உட்காரச் சொன்னார். கப்பல்காரரின் மனுவை இரண்டு தடவை படித்தார். பிறகு எங்கள் எதிரிலேயே இரண்டு ஊருக்கும் கிணறு கேட்டுக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போன வாரம் ஓவர்சியர் வந்து எங்கள் ஊரில் ஒரு இடத்திலும், கப்பல்காரர் ஊரில் ஒரு இடத்திலும் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போயிருக்கிறார். தோண்டினால் தண்ணீர் வருமா? வந்தாலும் நல்ல தண்ணீராக வருமா? அது ஓவர்சியருக்கே தெரியாது.

அதுவரைக்கும் அக்கா சும்மா இருப்பாளா? திங்கள்கிழமை தவறாமல் ராமநாதபுரம் போய்விடுகிறாள். எம்.எல்.ஏ. இப்போதெல்லாம் திங்கள்கிழமைகளில் வெளியூர் போய்விடுகிறாராம்.

அதனால் அக்கா செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள்.