அப்பா கேம்ப் போன திட்டு

எங்கள் வீட்டில் கேம்ப் என்றால் அப்பா வீட்டில் இல்லை என்று அர்த்தம். உத்தியோக விஷயமாக வெளியூர் போய்த் தங்குவதற்கு அந்தக் காலத்தில் எல்லா ஆபீஸ்களிலும் அதுதான் பெயர். அப்பா உப்பளங்களைப் பார்வையிடும் வேலையில் இருந்தார். மாதத்தில் பத்து நாளாவது கேம்ப் இருக்கும். இரும்புலியூரில் எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும், "அப்பா கேம்ப்" என்று நான் உள்ளேயிருந்தே குரல் கொடுத்து அனுப்பிவிடுவேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து.

கேம்ப் முடிந்து வரும் அப்பா சும்மா வரமாட்டார், கதையோடு வருவார். கோவளத்துக்குத் தெற்கே, உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. ஆள் கிடையாது, வீடு கிடையாது, கிணறு கிடையாது. அங்கேதான் தன்னந்தனியாகத் தங்குவாராம். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவாராம். வேட்டியை விரித்து மீன் பிடிப்பாராம். தாகம் எடுத்தால் மணலைத் தோண்டி ஊற்று இறைத்துக் குடிப்பாராம். நரி வந்து காலை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போகுமாம். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். பிறகு இரண்டு நாளைக்கு அப்பாவுக்கு ராஜ உபசாரம். வெந்நீர், கறிக்குழம்பு, பகல் தூக்கம். "அப்பா மண்ணுல படுத்துட்டு வந்திருக்காங்க, சத்தம் போடாதீங்க" என்று எங்களைத் தெருவுக்கு விரட்டிவிடுவாள். இத்தனை கஷ்டத்துக்கும் பிறகு அப்பா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சதை போட்டுத் திரும்புகிறாரே என்று நான் யோசித்ததில்லை.

அந்த வருஷம் பொங்கல் விடுமுறையில் அம்மா ஒரு காரியம் செய்தாள். காணும் பொங்கலுக்கு எங்கே போகலாம் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றாலும், அன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போகாவிட்டால் தெருவில் எங்களை யாரும் மதிக்கமாட்டார்கள். அம்மா காப்பியைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, "கல்யாணமாகிப் பதினோரு வருஷமாச்சு, நீங்க மட்டுந்தான் கேம்ப் போறீங்க. எங்களையும் ஒரு தடவை அந்தத் திட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அப்பாவுக்குப் புரையேறியது. மழை வரலாம் என்றார். தம்பிக்குச் சளி பிடிக்கும் என்றார். கடைசியாகப் பாம்பு இருக்கும் என்றார். "நரியே உங்களுக்கு மரியாதை குடுக்குது, பாம்பு குடுக்காதா?" என்று அம்மா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டாள். அப்பா காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தார்ப்பாயைத் தேடப் போனார்.

ஆபீசில் அப்பா யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. எல்லோருக்கும் சலாம் போடுகிற இடத்தில்தான் அவர் இருந்தார். அவர் வீரராக இருந்தது எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான். அந்த வீரம் நிற்குமா கவிழுமா என்பதற்கான பரீட்சை அது. எனக்கு அதெல்லாம் தெரியாது. தார்ப்பாய், சவுக்குக் கம்புகள், புளிச்சோறு, முறுக்கு டப்பா, தோட்டத்துக் களைக்கொத்தி, ஒரு கூஜா, ஒரு மண்குடம் நிறையத் தண்ணீர், இவ்வளவையும் கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏற்றுவதற்குள் நடத்துனர் எங்களை வீடு மாற்றிக்கொண்டு போகிறவர்கள் என்றே நினைத்துவிட்டார்.

கழிக்கரையில் ஒரு தோணிக்காரர் அகப்பட்டார். மறுநாள் மத்தியானம் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. அப்பா தோணியின் முன்பக்கம் நின்றுகொண்டு தம்பிக்கு நாரைகளைக் காட்டினார். அம்மாவும் நானும் பின்னால், மூங்கிலை ஊன்றித் தள்ளும் தோணிக்காரர் காலடியில் உட்கார்ந்திருந்தோம்.

அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள். "சாரை இந்தப் பக்கம் பாத்திருக்கீங்களா?"

"சால்ட்டு சாருங்கல்லாம் கவர்மெண்டு பங்களாவாண்ட வருவாங்கோமா. மீன் வறுவல், ஃபேனு, அல்லாம் அங்கியே கீது. திட்டுக்கு யார் வரப்போறா?"

தோணிக்காரருக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் இல்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்ச நேரம் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். பிறகு, "அங்க குடிக்கத் தண்ணி எங்க கிடைக்கும்?" என்றாள்.

"நடு மேட்ல தாயம்பொதரு ஒண்ணு கீது பாரு, அதுக்கு இந்தாண்ட தோண்டுமா. மொழம் ஆயத்துல நல்ல தண்ணி வரும். கழி ஓரமா தோண்டினா வாயில வைக்க முடியாது, ஒரே உப்பு."

மழைக்காலம் முடிந்து முகத்துவாரம் இரண்டு பக்கமும் திறந்திருந்ததால் திட்டு அப்போது முழுத் தீவாகவே இருந்தது. கொஞ்சம் அடம்பங்கொடி, அங்கங்கே புதர், மற்றபடி மணல், மணல், மணல்தான். தோணி ஒதுங்கியதும் எல்லாச் சாமான்களையும் இறக்கிவிட்டு, அப்பா தண்ணீர்க் குடத்தைத் தோளில் தூக்கினார். கேம்ப்பில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிக்கொண்டே ஈர மணலில் மூன்று எட்டு வைத்தார். நாலாவது எட்டில் சறுக்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. குடம் சில்லு சில்லாகிவிட்டது. தோணி அதற்குள் பாதிக் கழியைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. கைதட்டிக் கூப்பிட்டுப் பார்த்தோம், கடல் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை.

"அதனாலென்ன, ஊத்து தோண்டிட்டாப் போச்சு" என்றார் அப்பா.

முதலில் கூடாரம். அது மூன்று தடவை விழுந்து நாலாவது தடவை நின்றது. அடுத்து அடுப்பு. "மூணு கல் எங்கேங்க?" என்று அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தத் திட்டு முழுக்கத் தேடினாலும் மருந்துக்குக்கூட ஒரு கல் கிடையாது. "போன மழையில அலை அடிச்சிட்டுப் போயிருக்கும்" என்றார் அப்பா. அம்மா தலையை ஆட்டிவிட்டு, மணலில் நீளமாகப் பள்ளம் பறித்துச் சுள்ளியைப் போட்டு மூட்டினாள். காற்று ஒரு பக்கமாக உள்ளே போய் நன்றாகவே எரிந்தது.

பிறகு அம்மா செய்ததைத்தான் என்னால் மறக்கவே முடியாது. கொண்டையை அவிழ்த்துவிட்டாள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு கடலைப் பார்க்க ஓடினாள். அம்மா ஓடி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நானும் தம்பியும் பின்னால் ஓடினோம். நண்டு துரத்தினோம், விழுந்தோம், வாய் நிறைய மணல். அந்தச் சாயங்காலம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லி முடியாது. திரும்பி வந்து மூவரும் கூஜாவில் இருந்த தண்ணீரைக் காலி செய்தோம்.

அப்பா அப்போது கழி ஓரமாகக் களைக்கொத்தியால் தோண்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் சீக்கிரமே ஊறியது. ஒரு கை அள்ளி வாயில் விட்டவர் திரும்பி நின்று துப்பினார். பத்தடி தள்ளி இன்னொரு பள்ளம். அதுவும் உப்பு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தம்பி, "தண்ணி வேணும்" என்று மெல்ல ஆரம்பித்து, பிறகு காலை உதைத்து அழ ஆரம்பித்தான். அவன் அழ அழ எனக்கும் நாக்கு வறண்டது. மறுநாள் மத்தியானம் வரைக்கும் தோணி வராது. அப்பா நிமிர்ந்து கழியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் கண்டதில்லை. கொத்தியைக் கீழே போட்டுவிட்டு, அம்மாவிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

அம்மா அவரைச் சொல்லவிடவில்லை.

"ஏங்க, நீங்க எப்பவும் தாழம்புதர் பக்கத்துல தோண்டுறதாத்தானே சொல்லுவீங்க? மேட்டுக்கு நடுவுலன்னு? பசங்க அழுற அழுகையில உங்களுக்கு மறந்தே போச்சு பாருங்க."

அப்பா ஒரு கணம் விழித்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட, ஆமாம். அந்தப் புதர். அதைத்தான் நானும் தேடிக்கிட்டிருந்தேன்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அப்பாவின் கேம்ப் கதைகள் எனக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். அவற்றில் தாழம்புதரே கிடையாது. அது தோணிக்காரர் சொன்னது, அம்மாவிடம் சொன்னது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டது. ஞாயிறு பள்ளியில் பொய் சொல்கிறவர்கள் கடைசியில் போகும் இடத்தைக் கலர்ப் படமாகவே காட்டியிருந்தார்கள். "அம்மா, அது தோணிக்காரர்..." என்று நான் ஆரம்பித்தேன். மீதியைச் சொல்வதற்குள் என் வாயில் ஒரு முழு முறுக்கு திணிக்கப்பட்டது. நாக்கு வறண்டு கிடந்தவளுக்கு முறுக்கு! அதைக் கடித்து விழுங்கி முடிப்பதற்குள் அப்பா மேட்டில் பாதிப் பள்ளம் தோண்டிவிட்டார்.

ஒரு முழம் ஆழத்தில் மணல் கறுத்தது. ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து, கலங்கி, மெல்லத் தெளிந்தது. அப்பா கூஜா மூடியில் மொண்டு முதலில் தம்பிக்குக் கொடுத்தார். அவன் குடித்துவிட்டு, "இன்னும்" என்றான். எனக்கு, பிறகு அம்மாவுக்கு. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு, இளநி மாதிரி" என்றாள். அப்பாவின் முதுகு பழையபடி நிமிர்ந்தது. அன்று இருட்டிய பிறகு வெகுநேரம் நட்சத்திரம் பார்த்துத் திசை அறிவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். நான் அவள் பக்கம் திரும்பாமல் படுத்துக்கொண்டேன். என் அம்மா இப்படிக் கூசாமல் பொய் சொல்லுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் காற்று சுகமாக இருந்தது, சீக்கிரமே தூங்கிவிட்டேன். நரி வரவில்லை.

மறுநாள் மத்தியானம் தோணி வந்தது. சாமான்களை ஏற்றி, நாங்களும் ஏறி உட்கார்ந்து, தோணி கரையை விட்டு நகர்ந்த பிறகு, தோணிக்காரர் அம்மாவைப் பார்த்து எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"இன்னாமா, நான் சொன்னேனே தாயம்பொதரு, அங்க தோண்டினியா? தண்ணி வந்துச்சா?"

அம்மா பிடிபட்டுவிட்டாள், இப்போது அப்பா என்ன செய்யப்போகிறாரோ என்று இருந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கழித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் காது இரண்டும் மெல்லச் சிவந்தன. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வந்துச்சுப்பா. எப்பவும் நான் தோண்டுற எடந்தானே அது."

அவ்வளவுதான், அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் தோள்கள் இரண்டும் குலுங்கின, கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். பொய் வெளியாகிவிட்ட அவமானத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். நேற்றைய கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நகர்ந்து போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழாதம்மா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று காதோடு சொன்னேன். அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். நிமிர்ந்து பார்த்தால், அம்மா இப்படி அழுதுகொண்டிருக்கும்போது, எதிரே உட்கார்ந்திருந்த அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் அப்பாவிடம் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது அன்றைக்குத்தான்.