சத்திரத்து வேலைக்குக் கேட்ட கேள்விகள்

நகரி சென்னம்மாவுக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். புருஷன் செத்த கையோடு தறியைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டான். ஓரகத்தி போட்ட சோற்றில் கவளத்துக்கு ஒரு குத்தல் பேச்சையும் சேர்த்து விழுங்கினாள். திருப்பதியில் அவர்கள் சாதிச் சத்திரத்துக்குச் சமையல்காரி வேண்டுமாம், தங்க அறையும் உண்டாம். ரயிலேறினாள்.

மேனேஜர் சிட்டிபாபு சமையலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"புருசன் எதுல போனான்?"

"இருமல்ல, சாமி."

"யாரையாவது சேத்துக்கினு கீறியா?"

"சேத்துக்கினு இருந்தா அவன் சோறு போட்டிருப்பான். இங்க இன்னாத்துக்கு வரேன்?"

வேலை கேட்டு வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நகரி சுலோசனாவும் அதில் நின்றாள்.

"மாசாமாசம் தூரம் உண்டா, நின்னுடுச்சா? மடப்பள்ளி வேலை பாரு."

வாசலில் மொட்டைத் தலையோடு யாத்திரைக்காரர்கள் வேறு. பெற்றவளிடம் சொல்லவே கூசுகிற விஷயம்.

"நின்னு ஒரு வருசமாவுது," என்றாள். உண்மைதான். உண்மையைச் சொன்னாலும் மானம் போகும்.

சிட்டிபாபுவின் முகம் தெளிந்தது. அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"சொந்த ஊரு?"

அவள் பிறந்ததும் வாழ்ந்ததும் நகரி. ஆனால் எங்கள் பக்கம் தாலி ஏறிய பெண்ணுக்குப் புருஷனின் குலதெய்வம் எங்கேயோ அதுதான் சொந்த ஊர். பழக்கத்தில், "திருத்தணி," என்றாள்.

திருத்தணி ஆந்திராவைவிட்டு மதராஸோடு சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை; நகரி ஆந்திராவிலேயே இருந்தது. சாவி மறுபடி மேசைக்குள் போனது.

"மதராஸ் ஆளுக்கு வேலை இல்லம்மா. கமிட்டி உத்தரவு."

"அது சாமி கும்புடற ஊரு. நான் இருக்கறது நகரி."

"இப்ப மாத்திப் பேசாத. நீதான சொன்னே."

சென்னம்மா முந்தானையை உதறி இழுத்துச் செருகினாள். "ஊரை மொதல்ல கேட்டிருக்கலாமேடா. உன் பொண்டாட்டிக்கு எப்ப தூரம்? இத்தினி பேர் கேக்க நீ சொல்லு, பாக்கலாம்."

அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த ஆளு வாம்மா," என்றான்.

ஊருக்குத் திரும்பும் ரயில் தாமதம். சுலோசனா பஸ்ஸில் முந்திவிட்டாள். கிணற்றடியில் ஓரகத்தி வாளியைக்கூட இறக்காமல், "இன்னாக்கா, நின்னு ஒரு வருசமாச்சாமே?" என்றாள். வேலை என்ன ஆயிற்று என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

புத்தூர் ஓட்டல் ஒன்றில் பாத்திரம் தேய்த்தே சென்னம்மா கிழவியானாள். அங்கே யாராவது பேரைக் கேட்டால்கூட, "தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்பாள்.