கோல் வாங்காத கோஷ்டி

ஆம்பூருக்கு வந்த முதற் கிழமையிலேயே, ஏழு நாள் முடியுமுன்பே, என்னைப் பெரிய பக்திமான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். தோல் பதனிடும் டேனரியில் யார் எதைக் கேட்டாலும் நான் "ஓம்" என்றேன். கடிதம் எழுதியாயிற்றா என்றால் ஓம். சாப்பிட்டாயிற்றா என்றால் ஓம். யாழ்ப்பாணத்தில் 'ஆமாம்' என்பதை நாம் அப்படித்தான் சொல்கிறோம் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் நாள், தோல்களைத் தரம் பிரிக்கிற எத்திராஜ் என் மேசைக்கு அருகில் வந்து பணிவாகக் கேட்டார். "ரைட்டர் சார், வாய் ஓயாம மந்திரம் சொல்றீங்களே, இன்னா விரதம்?" நான் வேதக்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் என்றேன். அவருடைய குழப்பம் இரட்டித்தது. ஒரே தமிழ் பேசும் நாட்டுக்குத்தானே போகிறேன், என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்துக் கப்பலேறியவன் நான். அப்படி நினைத்துப் புறப்பட இருக்கிற நம்மவர் யாராவது இதை வாசித்தால், கொஞ்சம் நிதானியுங்கள்.

இன்னொன்று கேளுங்கள். நம் ஊரில் ஒருவர் உங்களைப் 'பேசினார்' என்றால் ஏசினார் என்று பொருள். வந்து பத்தாம் நாள் டேனரி மேனேஜர் அப்துல் வகாப் சாயபு, "சாயங்காலம் ரைட்டர்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்று சொல்லி அனுப்பினார். பகல் முழுவதும் நான் லண்டனுக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகளைப் புரட்டிப் புரட்டி என் பிழையைத் தேடினேன். என் வேலையே அதுதான்: தோல் வாங்கும் லண்டன்காரர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது. சாயபுவுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. ஆனாலும் மேனேஜர் மேனேஜர்தானே. சாயங்காலம் போய் நின்றேன். அவர் நாற்காலியைக் காட்டிவிட்டு, "உங்களுக்கு புட்பால் தெரியுமாமே?" என்றார்.

தெரியுமாவா? மிஷன் கல்லூரியில் படித்த காலத்தில் நான் முன்வரிசை ஆட்டக்காரன். நம் ஊர் உதைபந்து எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பந்து காலுக்கு வந்தால் முன்னே போக வேண்டும், அவ்வளவுதான். ஏழு கோல் வாங்கினாலும் எட்டு அடித்தால் போதும் என்பது எங்கள் வேதம். பின்னுக்கு நிற்கும்படி யாரையாவது சொன்னால் அவன் ஒரு கிழமை சாப்பிட மாட்டான். அந்த நினைவோடுதான் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை டேனரிக் கோஷ்டியின் பயிற்சியைப் பார்க்கப் பாலாற்றுக்குப் போனேன். நம் ஊரில் ஆறே இல்லை. இங்கே ஆறு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. அந்த அகலமான மணலில் பதினொரு பேர் வெறுங்காலோடு நின்றார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவர்கள், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பவர்கள், மூட்டை சுமப்பவர்கள். சாயபு ஒரு குச்சியால் மணலில் கோடு கிழித்து அதற்குப் பின்னால் பத்துப் பேரை நிறுத்தினார். கோட்டுக்கு முன்னால் ஒருவர் மட்டும், மாணிக்கம். சுண்ணாம்புத் தொட்டிக்காரர், ஒல்லி, முயல்போல் ஓடக்கூடியவர். அவர் தனியாக நின்று, அடுத்த வண்டி எப்போது வரும் என்று ஸ்டேஷனில் காத்திருப்பவரைப்போல் பந்துக்காகக் காத்திருந்தார்.

அந்தப் பருவத்தில் முதல் ஆறு ஆட்டம் பார்த்தேன். நான்கில் யாருமே கோல் அடிக்கவில்லை. இரண்டில் மாணிக்கம் ஒவ்வொன்று அடித்தார். எங்கள் கோஷ்டி ஒரு கோல்கூட வாங்கவில்லை. தோற்காத கோஷ்டியைப் பார்த்து ஒரு ஊர் இவ்வளவு சலித்துக்கொண்டு நான் எங்கும் கண்டதில்லை.

சலிப்பைக் கொட்டுகிற இடம் டேனரி வாசலுக்கு எதிரே இருந்த சாயாக் கடை. அங்கே இரண்டு கட்சி. தாக்கி ஆட வேண்டும் என்ற கட்சிக்கு எத்திராஜ் தலைவர். சாயபு கட்சிக்கு ஷரீஃப், மூட்டை சுமப்பவர்.

"ஏம்பா, வேல முடிஞ்சு ஆட்டம் பாக்க ஓடறோம். பந்து நம்ம கோல்கிட்டவே கெடக்குது. பூட்டின கட வாசல்ல ஒக்காந்துனு இருக்காப்ல இருக்குது" என்பார் எத்திராஜ்.

"பூட்டின கடையில திருட்டு போவாது" என்பார் ஷரீஃப்.

"வியாபாரமும் ஆவாது."

"தோத்தமா? அத சொல்லு. ஒரு வாட்டி தோத்தமா?"

"தோத்திருந்தா கூட அழுதுட்டுப் போயிருப்பன்யா. இது அழவும் முடியல, சிரிக்கவும் முடியல. ஒரே பேஜாரு."

ஒருநாள் எத்திராஜின் பேச்சை நான் மிகவும் ரசித்து, "நீங்கள் நல்ல வடிவாக் கதைக்கிறீங்கள்" என்று பாராட்டினேன். அழகாகப் பேசுகிறீர்கள் என்பதே நான் சொன்னது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பாத்தியா, நான் கத வுடறேன்றாரு" என்று ஷரீஃபிடம் முறையிட்டார். சமாதானம் செய்ய எனக்கு இரண்டு சாயா ஆயிற்று. ஆனால் கட்சியில் நான் அவர் பக்கம்தான். சீக்கிரமே அந்தக் கட்சியின் மூளை என்று பெயரும் வாங்கினேன்.

துணிந்து சாயபுவிடமே ஒருநாள் கேட்டேன். அவர் தரம் பிரிக்கும் அறையில் ஒரு தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். "ரைட்டரே, எவ்ளோ பெரிய தோல் பாருங்க. எவ்ளோ நல்லா வந்துருக்கு. இங்க ஓரத்துல ஒரு கத்திக்கீறல் தெரியுதா? லண்டன்காரன் இத மட்டும்தான் பாப்பான். ஆட்டமும் அப்டித்தான். ஓட்ட வுழக் கூடாது. பஸ், அவ்ளோதான்." நான் சாயாக் கடைக்குப் போய், "சாயபு பந்து ஆடவில்லை, தோல் பதனிடுகிறார்" என்றேன். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த வாக்கியம் ஆம்பூர் முழுவதும் போய்வந்துவிட்டது. சாயபுவின் காதுக்கும் எட்டியிருக்கும். மறுநாள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வேலூரில், கோட்டையை ஒட்டிய மைதானத்தில். எதிர்க்கோஷ்டி லாங் பஜார் மண்டிக்காரர்கள் சேர்த்தது. அதே கிழமை சரக்குக் கப்பல் விஷயமாகச் சாயபு சென்னைக்குப் போக வேண்டியதாயிற்று. கோஷ்டியை என்னிடம் ஒப்படைத்தார். "உங்க இஷ்டப்படி ஆடுங்க. ஒண்ணே ஒண்ணு. அவங்க பூட்ஸ் போட்டவங்க. நம்ம ஆளுங்கள பூட்ஸுக்கு முன்னால அனுப்பாதீங்க." நான் "ஓம்" என்றேன். அதற்குள் அந்தச் சொல்லின் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னதன் பொருள்தான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வழக்கமான சாயபு பயம் என்று எண்ணிக்கொண்டேன்.

மைதானத்தில் நான் சொன்னது ஒரே வார்த்தை: "முன்னுக்குப் போங்கோ." பத்துப் பேரும் கூண்டு திறந்த புறாக்கள்போல் போனார்கள். ரயிலேறி வந்திருந்த ஆம்பூர்க் கூட்டம் கையிலிருந்த துண்டையெல்லாம் வீசியது. மாணிக்கம் ஒன்று அடித்தார், நாங்கள் இரண்டு வாங்கினோம். ஷரீஃபின் தம்பி ஒன்று அடித்தார். மறுபடி ஒன்று வாங்கினோம். மறுபடி மாணிக்கம். மூன்றுக்கு மூன்று. எத்திராஜ் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இதான் சார் ஆட்டம். இதுக்குத்தான் சார் இத்தன நாளு காத்துனு இருந்தம்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லூரி நாட்களுக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இந்தத் தோல் நாற்றத்துக்கு நடுவே என் ஊரை நானே கட்டி எழுப்பிவிட்டதுபோல் ஒரு கர்வம்.

ஆட்டம் முடிய நேரம் கிட்டியபோது பந்து அவர்கள் கோலுக்கு முன்னால் உருண்டது. மாணிக்கம் அதை நோக்கிப் பாய்ந்தார். பூட்ஸ் போட்ட தடுப்பாட்டக்காரரும் பாய்ந்தார். அதில் அநியாயம் ஒன்றுமில்லை, இருவருக்கும் பந்தே குறி. மாணிக்கத்தின் கால் ஒரு நொடி முந்தியது. பந்து கோலுக்குள் போயிற்று. ஆம்பூர் முழுவதும் எழுந்து கூத்தாடியது. கூத்தாடியவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். நான்தான் கடைசியாக நிறுத்தினேன். மாணிக்கம் எழுந்திருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே அவருடைய கால், கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. அவரை அந்தப் பூட்ஸ்காரரே தூக்கி வண்டியில் ஏற்றினார். அவருடைய பூட்ஸை நான் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். நல்ல தோல். எங்கள் ஆட்கள் பதனிட்டதாகவும் இருக்கலாம்.

நான்குக்கு மூன்று. வென்றோம்.

சாயபு திரும்பி வந்ததும் என்னை இரண்டு நாட்டு அர்த்தத்திலும் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, மாணிக்கம் வூட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்றார். வழியில் தானாகவே சொன்னார். நான் வருவதற்கு முந்தின வருஷம் கோஷ்டி தாக்கித்தான் ஆடியதாம். ஒரு ஆட்டத்தில் எட்டு கோல் அடித்தார்களாம். அன்றைக்குத்தான் யூசுப் என்ற பட்டை இடிக்கிறவருக்கு முழங்கால் போயிற்று. "அவன் பொண்டாட்டி ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா ரைட்டரே. ஒண்ணும் கேக்கல. சும்மா நின்னா. ரெண்டு நாளு அப்டியே வந்து வந்து நின்னா. அப்புறம் சொந்த ஊருக்குப் போய்ட்டாங்க."

"இதை ஏன் நீங்கள் முதலே சொல்லவில்லை?" என்றேன்.

"சாயாக் கடையில இத சொன்னா, சாயபு பயந்துட்டான்னு ஆளுங்க இன்னும் ஜாஸ்தி முட்டிக்கினு ஆடுவாங்க. தோல் கத சொன்னா சிரிச்சிட்டுப் போய்டுவாங்க. சிரிக்கட்டும்."

மாணிக்கம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலை நீட்டிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "கடேசி கோலு பாத்தீங்களா சார்? நான் பாக்கல. உள்ள போச்சுன்னு இவங்க சொல்லித்தான் தெரியும். மூணு கோலு, ஒரே ஆட்டத்துல. எனக்கு இது போதும் சார்."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அவருடைய மனைவி ரோசம்மா திரும்பாமலே சொன்னார்: "இவருக்குப் போதும். எனக்குப் போதுமான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

சாயபு தலையைக் குனிந்துகொண்டார். உண்மையில் குனிய வேண்டியது என் தலை. ஆனால் என் கழுத்து அசையவில்லை, அவ்வளவு வெட்கம். அதன் பிறகு மூன்று மாதம், வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்கு ஆவாரம்பட்டைச் சக்கையை எரிக்கக் கொண்டுபோய்க் கொடுப்பதும், எத்திராஜோடு சேர்ந்து மாணிக்கத்தைத் தூக்கி வெளியே உட்காரவைப்பதும் என் வேலையாயின. ரோசம்மா என்னோடு பேசியது நாற்பதாம் நாள். "சக்க ஈரமா இருக்குது" என்றார். எனக்கு அது மன்னிப்பு மாதிரிக் கேட்டது. அப்படி இல்லை என்று எத்திராஜ் விளக்கினார்.

மாணிக்கம் இப்போது நடக்கிறார், ஒரு பக்கம் சாய்ந்து. சுண்ணாம்புத் தொட்டியில் நிற்க முடியாது என்பதால் சாயபு அவரைப் பட்டைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். கோஷ்டி பழையபடி கோட்டுக்குப் பின்னால் நிற்கிறது, பழையபடி கோல் வாங்குவதில்லை, அடிப்பதுமில்லை. சாயாக் கடை வழக்கும் முடியவில்லை. ஆனால் கட்சிகள் கலைந்து போயின. மாணிக்கத்தின் முகத்துக்கு நேரே தாக்கி ஆடச் சொல்ல எத்திராஜுக்கு நா எழவில்லை, சாயபு கட்சிக்குப் போய்விட்டார். அவர் விட்ட தலைவர் பதவியை இப்போது வகிப்பவர் மாணிக்கம்தான். "இன்னா சார் ஆட்டம் இது, ஏறி ஆடச் சொல்லுங்க சார்" என்று என்னைத்தான் தினமும் நச்சரிக்கிறார். நான் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டுச் சாயாவைக் குடிக்கிறேன். பாதி இங்கே, பாதி அங்கே என்று வாழ்கிறவனுக்கு இந்தத் தலையாட்டல் எளிதாக வந்துவிடுகிறது.

போன மாதம் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். தம்பி என்னை எங்கள் கல்லூரி ஆட்டத்துக்கு அழைத்துப் போனான். அதே கடற்காற்று, அதே பனைகள். பெடியள் பந்தோடு பாய்ந்து பாய்ந்து போனார்கள். தம்பி என் விலாவில் இடித்து, "அண்ணை, பந்து அங்கை. நீங்கள் எங்கை பார்க்கிறியள்?" என்றான். நான் பின்னால் தனித்து நின்ற ஒரு பெடியனின் வெறுங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கோல் விழுந்தது. நல்ல கோல், நான் என் வாழ்நாளெல்லாம் விரும்பிய மாதிரிக் கோல். சனம் எழுந்து ஆரவாரித்தது. நானும் எழுந்தேன். முதலில் எங்கள் பெடியளை எண்ணினேன். கோலுக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடந்த குவியலிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒன்பது, பத்து. பதினோராவது ஆள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் ஆரவாரம் அடங்கிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்துவிட்ட அந்த அமைதியில் நான் ஒருவன் மட்டும் நின்று கைதட்டினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி, இது எந்த ஊர் ஆள் என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.