சப்பாத்து போட்ட பக்தர்

செய்தி வந்தபோது மதியம் இரண்டேகால் மணி. லகாட்டில் ஒரு கடை முன்னால் லோரியை நிறுத்திவிட்டு, சரக்கு இறங்கும்வரை அர்ச்சுனன் நிழலில் நின்றுகொண்டிருந்தான். அக்காள் மகள் பிரமிளா கூப்பிட்டாள்.

"மாமா... அம்மா நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாங்க மாமா."

அவனுக்கு உடனே அழுகை வரவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தான். காலுறை, சப்பாத்து, எல்லாம் சரியாக இருந்தன. அக்கா வீட்டுக்குக் கிளம்புமுன் அவன் எப்போதும் பார்ப்பது அதைத்தான்.

அக்கா கலாதேவி செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தில் வைத்தியம் என்றால் டிரசர்தான். அவர் கையைப் பிடித்துப் பார்த்து, இன்றைக்கு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் கூலி இல்லை. அதனால் அந்தச் சனங்களுக்கு எந்த வெள்ளைச் சட்டையைக் கண்டாலும் வாயில் ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணும் இல்லைங்க." தோட்டம் போய், அந்த இடத்தில் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்தபிறகும் அந்தப் பதில் மட்டும் போகவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பல இரவு தூங்காமல் கிடந்த அம்மா கருப்பம்மாள், ஈப்போவில் டாக்டரிடம் காட்டியபோதும் அதையேதான் சொன்னாள். "ஒண்ணும் இல்லைங்க, லேசா வாயு." வாயு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவள் முடிந்துபோனாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். "விதி இல்ல. கேட்டப்ப வாயத் திறந்து சொல்லாததுதான்" என்றாள் கலாதேவி. அப்போது அவள் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்த புதிது. அன்றிலிருந்து குடும்பத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் கூடவே போய் நிற்பாள். இது எதற்கான மருந்து, விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்பாள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்பாள். பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் நகரமாட்டாள். சொந்தக்காரர்கள் அவளுக்கு 'டிரசரம்மா' என்று பெயர் வைத்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

அர்ச்சுனனுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய் வந்து, கால் விரலில் ஒரு புண் ஆறாமல் நின்றபோது அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். கிளினிக்கில் டாக்டர், "மக்கான் ஊபாட்?" என்று கேட்டார். மருந்து சாப்பிடுகிறாயா என்று.

"மக்கான், டாக்டர்" என்றான் அர்ச்சுனன், நல்ல பிள்ளையாக.

பின்னாலிருந்து குரல் வந்தது: "திப்பு, டாக்டர்."

பொய் என்று சொந்த அக்காளே போட்டுக்கொடுத்ததில் டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்ததும் அவன் எகிறினான். "ஏங்க்கா, மானத்த வாங்குற?"

"மானம் இருக்கும்டா. காலு இருக்காது. எது வேணும், சொல்லு."

அந்தப் புண் ஆறியது. ஆனால் அக்காளுக்கு இதய வால்வில் அறுவை சிகிச்சை என்றதும் அவன் அவளுக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தான். அவள் பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டான். அவளும் பிழைத்து வந்தாள். விரதம் தொடங்கியதும், பசித்த வயிறும் மருந்தும் சேராது என்று தானே முடிவு செய்து மாத்திரையை நிறுத்தினான். அவன் வீட்டில் பிரிக்காமல் கிடந்த மாத்திரை அட்டைகளை அவள் பார்த்துவிட்டாள். ஏன் என்று கேட்டதும் பால்குட விரதத்தைச் சொல்லிவிட்டான்.

"யாருக்குடா வேண்டுதல்?"

"உனக்குத்தான்."

"எனக்குன்னா, அத மாத்துற உரிமையும் எனக்குத்தான். வெயில்ல தார் ரோட்டுல வெறுங்காலோட நடந்து, மறுபடி புண்ணாக்கிட்டு வந்து நின்னா, முருகனா மருந்து கட்டுவாரு? கெளம்புலா, டாக்டரையே கேட்போம்."

விரதம் கூடாது என்று அவள் சொல்லவைக்கவில்லை. எப்படி இருந்தால் ஆபத்தில்லை என்றுதான் டாக்டரைக் கேட்டாள். இரவு ஒருவேளை உணவு என்பது இரண்டு வேளை மரக்கறியாயிற்று. மாத்திரை நேரமும் மாறியது. பால்குடம் மட்டும் மோர்ப் பந்தலாயிற்று. தைப்பூசத்தன்று அர்ச்சுனன் பந்தலில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்தான், காலில் மெத்தென்ற கறுப்புச் சப்பாத்தோடு.

"என்னாண்ணே, சப்பாத்து போட்ட பக்தரா?" என்று வரிசையில் நின்ற ஒருத்தன் கிண்டலடித்தான்.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கலாதேவி பதில் சொன்னாள். "ஆமாலா தம்பி. ஒனக்கு மோரு வேணுமா, வேணாமா?"

இரண்டு தைப்பூசம் அப்படிப் போயிற்று. மூன்றாவதற்கு முன் அவள் போய்விட்டாள்.

கருமகிரியை முடிந்தபிறகும் அர்ச்சுனன் மாத்திரையைத் தொடவில்லை. விரதமோ வேண்டுதலோ இல்லை. எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கிளினிக்கில் காட்டவேண்டிய தவணை நாள் வந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தான். பிரமிளா, "நான் கூட வாரேன் மாமா" என்றாள். வேண்டாம் என்று தனியாகப் போனான்.

இந்தமுறை வேறொரு டாக்டர், இளம்பெண். அதே கேள்வியைக் கேட்டார்.

"மக்கான், டாக்டர்."

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு அவன் காத்திருந்தான். பின்னால் சுவர் இருந்தது, சுவரில் கைகழுவும் முறையைக் காட்டும் படம் இருந்தது. டாக்டர் கணினியில் தட்டத் தொடங்கிவிட்டார். தட்டி முடித்தால் அவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். கருப்பம்மாளும் இப்படித்தான் எழுந்து வந்திருப்பாள்.

"திப்பு, டாக்டர்" என்றான் அர்ச்சுனன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யார் பொய் சொன்னது?"

"நான்தான். மாத்திரை சாப்பிடல. அக்கா செத்துட்டாங்க." பிறகு, யாரும் கேட்காமலே குனிந்து காலுறையைக் கழற்றினான். "குதிகால்ல வெடிப்பு இருக்கு. வலி தெரியல. அதையும் பாக்கணும்."

டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார்.

அன்று அவன் போட்டுப்போனது வேலைக்குப் போடும் சப்பாத்து. பந்தலில் போட்ட கறுப்புச் சப்பாத்தின் வார்கள் இற்றுப்போனதால், மாற்றித் தரச்சொல்லி அக்காளிடம் கொடுத்திருந்தான். நாற்காலியில் அவள் போயிருந்த அன்று மடியிலிருந்து பிரமிளா எடுத்தது அதைத்தான். இடது கால் வாரைத் தைத்து முடித்திருந்தாள். வலது கால் வார் பாதிவரைதான் வந்திருக்கிறது. ஊசி அதிலேயே குத்தியிருக்கிறது.