டீ குடிக்காத மடிப்பக்கா

மடிப்பக்கா கையால் தொடாமலேயே சூப்பர்வைசரை எட்டடி தூரம் பறக்கவிட்டார் என்பதுதான் சலவைக் கூடத்தில் முதலில் கிளம்பிய செய்தி. துவைக்கும் இயந்திரங்கள் பக்கம் எட்டடியாக இருந்தது, கொதிகலன் அறைக்குப் போவதற்குள் பன்னிரண்டடியானது. வாசல் காவலாளியிடம் போய்ச் சேர்ந்தபோது சூப்பர்வைசர் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். காவலாளிக்கு அன்று விடுப்பு. இருந்தாலும் நேரில் பார்த்ததாகத்தான் சொன்னார்.

எட்டடி என்று சொன்ன யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்தால், மடிப்பக்கா நின்ற இடத்துக்கும் சூப்பர்வைசர் விழுந்த தள்ளுவண்டிக்கும் நடுவே தரையில் நாலு ஓடு. ஓட்டுக்கு எட்டு அங்குலம். மூன்றடிகூடத் தேறாது. தொடவில்லை என்ற பகுதி மட்டும் சுத்தமான உண்மை. தொட்டவர் சூப்பர்வைசர்.

மடிப்பக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, உருளை இஸ்திரியில் விட்டு, மடித்து அனுப்பும் அந்தக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக மடிப்பு மேஜை அவருடையது. விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. எதிர்முனையை இன்னொருத்தி பிடிக்க வேண்டும். அந்த இன்னொருத்தியை எல்லாரும் எதிர்முனை என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மடிப்பக்காவின் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். மாத்திரை கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான் கூடத்தின் சரக்கு லிஃப்ட் நடுவில் நின்றுபோய், அதைச் சரிபார்க்க ஒரு ஆள் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். ஸ்பானரைக்கூட அவசரமில்லாமல் எடுத்தார். மடிப்பக்கா தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை காலைல கார் நிறுத்துற கட்டடத்து மொட்டை மாடில தாய்ச்சின்னு ஒரு சீனக் கலை பழகுறோம், வாங்கக்கா," என்றார்.

"அது சண்டைக் கலையாச்சே தம்பி. நான் யார்கூடச் சண்டை போட?"

"தோளோட போடாம இருக்கத்தான் கூப்பிடறேன்."

போனார். லிஃப்ட்காரரின் பாடம் முழுக்க லிஃப்ட்தான். "பெட்டி மேல போகணும்னா எதிர்எடை கீழ இறங்கணும். கையைத் தூக்காதீங்க. இடுப்புக்குக் கீழ எடையை விடுங்க, கை தானா வரும்." மூன்று மாதத்தில் கை தானாக வந்தது. அடுத்து இரண்டு பேர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டித் தள்ளிப் பழகுவது. அடுத்தவர் தள்ளும்போது எதிர்க்கவும் கூடாது, ஓடவும் கூடாது. தள்ளுகிறவருக்கு வழிவிட்டு இடுப்பைத் திருப்ப வேண்டும். மற்றவர்கள் திணறினார்கள். மடிப்பக்காவுக்கு முதல் வாரமே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் துணியின் மறுமுனையில் ஒருத்தி இழுப்பதையும் தளர்வதையும் விரல் நுனியில் படித்த கை அது. எதிர்முனை வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாளா, சமாதானமாகி வந்திருக்கிறாளா என்பதை முதல் விரிப்பிலேயே சொல்லிவிடும்.

ஒரு வருஷம் போனதும் லிஃப்ட்காரர் சொன்னார். "வெளிய பழகினது போதும். இனிமே தினமும் காலைல கொஞ்சம் உட்காருங்க. பகல்ல கால்மணி நேரம் நில்லுங்க. தாய்ச்சிக்கு அடிப்படையான தாவோ வழியில பாதி வேலை அதுதான்."

"நின்னு என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

மடிப்பக்காவுக்கு இது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து அவரை யாரும் ஒன்றும் செய்யாதே என்று சொன்னதில்லை.

விடிந்ததும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த இடுக்கில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தார். மூச்சைத் தொப்புளுக்கு மூன்று விரல் கீழே கவனிக்க வேண்டும். கவனித்தால் அங்கே படுக்கை விரிப்புகள் வந்து நின்றன. ஒன்றை மடித்து அனுப்பினால் அடுத்தது. அவர் வீட்டுக்காரர் டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே பழகியவர். கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, நியூட்ரல்ல நிக்குதா?" என்றார்.

"பேசாதீங்க."

"அலமாரியைத் திறக்கணும். சட்டை எடுக்கணும்."

"நேத்து சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க."

பதினேழு நாள் நேற்றுச் சட்டையாகவே போனார். பதினெட்டாம் நாள் சட்டையை முந்தின இரவே எடுத்து வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் கிடைத்த முதல் வெற்றி அதுதான். இன்னொன்றும் நடந்தது. ஒரு காலையில் விரிப்புகள் வரவில்லை. அடிவயிற்றில் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க ஒருத்தி இருந்தாள், அவளுக்கு எந்த வேலையும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது அழுகை வந்தது. வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்ததால் அவர் கண்ணில் படாமல் தப்பித்தார்.

நிற்பதற்கு வீட்டில் நேரமில்லை. கூடத்தில் காலை பத்தரைக்கு டீ இடைவேளை, பதினைந்து நிமிஷம். சூப்பர்வைசர் விசில் அடித்தால் ஆரம்பம், மறுபடி அடித்தால் முடிவு. இயந்திரச் சத்தத்தில் மணி கேட்காது என்று வந்த ஏற்பாடு. விசில் கேட்டால் டம்ளர் பாதியில் இருந்தாலும் பன்னிரண்டு பேரும் இடத்துக்கு ஓடிவிடுவார்கள். மடிப்பக்கா டீயை விட்டார். ஈரத் துணி வண்டிகள் நிற்கும் மூலையில் முழங்காலைத் தளர்த்தி, பெரிய உருளை ஒன்றைக் கட்டிப்பிடித்த மாதிரி கைகளை வளைத்து நின்றார்.

முதல் வாரம் சிரிப்பு. இரண்டாம் வாரம் வதந்தி. மூன்றாம் வாரம் சூப்பர்வைசர்.

"என்னம்மா இது, கூடத்துல?"

"நிக்கிறேன் சார்."

"அது தெரியுது. எதுக்கு?"

"சும்மாதான்."

அந்தப் பதில்தான் அவரைக் கொன்றது. தூங்கினால் திட்டலாம், ஃபோன் பேசினால் பிடுங்கலாம், சாமி கும்பிட்டால் ஒதுங்கிப் போகலாம். சும்மா நிற்கிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? "டீ டைம் டீ குடிக்கத்தான்," என்று இரண்டு முறை எச்சரித்தார். மடிப்பக்கா இரண்டு முறையும் தலையாட்டினார். டீ குடிக்கவில்லை.

அந்த நாள் இடைவேளையின் எட்டாவது நிமிஷம். சூப்பர்வைசர் வாயில் விசிலோடு வந்து, "நகரும்மா," என்று மடிப்பக்காவின் இடது தோளில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே தோளில் இதே மாதிரி ஒரு கை வந்து விழும். உடம்புக்குக் கிழமை தெரியாது. இடுப்பு தானாகத் திரும்பியது. சூப்பர்வைசர் தள்ளிய இடத்தில் யாரும் இல்லை. தரையின் நாலு ஓடுகளையும் ஓட்டமாகக் கடந்து, ஈரத் தலையணை உறைகள் நிறைந்த வண்டிக்குள் தலைகுப்புறப் போனார். போகும்போது வாயிலிருந்த விசில் நீளமாக ஊதியது.

பன்னிரண்டு பேரும் டம்ளரை வைத்துவிட்டு ஓடிப்போய் இயந்திரங்களைப் போட்டார்கள். விசில் அடித்தால் இடைவேளை முடிந்தது. யார், எந்த நிலையில் அடித்தார் என்று விதியில் இல்லை. வண்டிக்குள்ளிருந்து இரண்டு கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எதிர்முனைக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தோன்றியது.

மறுநாள் பத்து மணிக்கு மேனேஜர் அம்மாவின் அறை. மேஜைமேல் ஒரு தாள். 'வேலையிடத்தில் இனி இவ்வாறு நிற்க மாட்டேன். சூப்பர்வைசரைத் தள்ளியதற்கு வருந்துகிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போட்டுட்டுப் போய் வேலையைப் பாருங்க," என்றார் மேனேஜர் அம்மா. "போடலைன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம்."

"நான் தள்ளலைங்க மேடம். அவர்தான் தள்ளினார். நான் அங்க இல்ல, அவ்வளவுதான்."

"அங்கதானே நின்னீங்க?"

"தள்ளும்போது இல்ல."

மேனேஜர் அம்மா நெற்றியைத் தேய்த்தார். பிறகு, ஓரமாக நின்ற சூப்பர்வைசரைப் பார்த்து, "என்ன நடந்ததுன்னு செஞ்சு காட்டுங்க," என்றார்.

சூப்பர்வைசர் சட்டைக் கையைச் சுருட்டினார். மடிப்பக்காவுக்குள் ராத்திரியெல்லாம் கொதித்தது அப்போது பொங்கியது. இருபத்திரண்டு வருஷம், வருந்துகிறேனாம். கை தோளில் பட்டதும் உடம்பு கல்லாக இறுகியது. எதிர்த்தார். அவ்வளவுதான், மடிப்பக்காதான் மூன்றடி பின்னால் தடுமாறிப் போய்ச் சுவரில் மோதினார். பழகிய கலை முழுக்க அந்த நிமிஷம் விடுப்பில் போயிருந்தது.

மடிப்பக்காவுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் மேனேஜர் அம்மா பார்த்தது வேறு.

"இப்படித்தான் நேத்தும் தள்ளினீங்களா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார்.

"ஆமா மேடம். இல்ல மேடம். இது மெதுவா..."

"இவங்க உங்களைத் தூக்கிப் போட்டாங்க, அப்படித்தானே?"

சூப்பர்வைசர் விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்தார். மணி பத்தரை. அவர் அடிக்காவிட்டால் இடைவேளையே கிடையாது. அதைவிட நல்ல காரணம் கிடைக்காது என்று வெளியே நழுவினார். விசில் சத்தம் கேட்டது.

"சரி, முதல் வரியை மட்டும் வெச்சுக்கலாம்," என்று மேனேஜர் அம்மா இரண்டாவது வரியை அடித்தார். "இனி நிக்க மாட்டேன். கையெழுத்துப் போடுங்க."

மடிப்பக்கா பேனாவை எடுக்கவில்லை. "இடைவேளை மேடம்," என்றார். மேஜைக்கு முன்னால் பாதங்களைத் தோளகலம் வைத்து, முழங்காலைத் தளர்த்தி, கைகளை வளைத்தார்.

மேனேஜர் அம்மாவுக்கு டீ வந்தது. குடித்தார். ஃபோன் அடித்தது, எடுத்தார், "ஒருத்தங்க இருக்காங்க," என்று சொல்லி வைத்தார். தாளைப் பார்த்தார், மடிப்பக்காவைப் பார்த்தார். முதல் ஐந்து நிமிஷம் மடிப்பக்காவுக்குச் சுவரில் மோதிய முதுகு வலித்தது. கோபம் நெஞ்சிலேயே நின்றது. பிறகு அவர் அதைத் துரத்தவில்லை. எடையைக் கீழே விட்டார். கோபம் லிஃப்ட் மாதிரி ஒவ்வொரு மாடியாக நின்று நின்று இறங்கியது. கடைசியில் அடிவயிற்றில் மூச்சு மட்டும் இருந்தது. எதிரே இருந்த நாற்காலியில் மேனேஜர் அம்மா தன் டம்ளரைக் கீழே வைக்காமல், ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

விசில் கேட்டது. மடிப்பக்கா கையை இறக்கினார்.

"வேலைக்குப் போறேன் மேடம். தாள்ல நான் எழுத ஒண்ணும் இல்ல. எழுதணும்னா, நேத்து சார் விழுந்தப்ப விசில் அடிச்சுடுச்சு. பன்னிரண்டு பேருக்கும் ஏழு நிமிஷம் போச்சு. அதைத் திருப்பித் தரேன்னு எழுதுங்க, சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

"பார்க்கலாம்," என்றார் மேனேஜர் அம்மா.

தாளை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். நாளைலேர்ந்து வர வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. மடிப்பக்கா வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார், பத்தரைக்கு நின்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை சுவரில் மோதிய கதையைக் கேட்டு லிஃப்ட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "கோபத்தோட உள்ள ஏறிட்டீங்கக்கா. ஓவர்லோடு. கதவு எப்படி மூடும்?"

இப்போது ஈரத் துணி மூலையில் மூன்று பேர் நிற்கிறார்கள். எதிர்முனை நாலாவதாக நின்று பார்த்துவிட்டு, டீதான் முக்கியம் என்று திரும்பிவிட்டாள். ஆனால் உலர்த்தும் இயந்திரத்தின் கதவில் சாக்பீஸால் பெரிதாக ஒரு ஏழு போட்டு வைத்திருக்கிறாள். யாரும் அழிக்கவில்லை. தினமும் இடைவேளையை முடிக்க சூப்பர்வைசர் விசிலை வாயருகே கொண்டு போகும்போது, "சார், அந்த ஏழு?" என்று அவள் கேட்பாள்.

"எழுதித்தானே வெச்சிருக்க," என்பார் அவர். பிறகு கதவின் பக்கம் பார்க்காமல் ஊதுவார்.